எண்ணெய்க் கிணற்று உப்புநீர்: அடியிலேயே அடைக்க ஒரு வழி

காவிரிப் படுகையில் நெல் வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணறுகள் இருப்பது புதிய செய்தி அன்று. 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது முதல், திருவாரூர், நாகை, குத்தாலம் வட்டாரங்களில் அவை நடவு வயலுக்கும் உளுந்து வயலுக்கும் அண்டை அயலாகிவிட்டன. அவற்றைப் பற்றிப் பேசுவோர் எண்ணெயைப் பற்றிப் பேசுகிறார்கள். எரிவாயுவைப் பற்றிப் பேசுகிறார்கள். குழாய்க் கசிவைப் பற்றிப் பேசுகிறார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் வயதான எண்ணெய்க் கிணற்றிலிருந்து மிகுதியாக மேலே வருவது எண்ணெய் அன்று, தண்ணீர்தான்.

நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோல் தேங்கிக் கிடப்பதில்லை. மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை ஆகியவற்றின் நுண்துளைகளில் அது ஊறிக் கிடக்கிறது. அதற்குக் கீழேயும் பக்கவாட்டிலும் பழங்காலத்து உப்புநீர் நிற்கிறது. எண்ணெயை எடுக்க எடுக்க அந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் உலகம் முழுவதும் நாளொன்றுக்கு 7.5 கோடி பீப்பாய் எண்ணெய் எடுக்கப்பட்டபோது, அதோடு கூடவே 21 கோடி பீப்பாய் நீர் வந்தது. ஒன்றுக்கு மூன்று. இது சராசரிதான். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துப் பழைய கிணறுகளில் 10 பீப்பாய் எண்ணெய்க்காக 1,000 பீப்பாய் நீர் இறைப்பது சாதாரணம்.

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். எனவே 1,000 பீப்பாய் என்பது ஏறக்குறைய 1.6 லட்சம் லிட்டர். இந்த நீரின் உப்பு கடல்நீர் அளவுக்கு, அதாவது லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரே கிணற்றிலிருந்து ஒரே நாளில் வெளிவரும் உப்பு ஐந்தரை டன். சில வயல்களில் இந்நீரின் உப்பு கடல்நீரைப்போல் பல மடங்கு இருப்பதும் உண்டு. நெற்பயிரோ மண்ணின் மின்கடத்தும் திறன் 3 டெசிசைமன் (பழைய கணக்கில் மில்லிமோ) தாண்டினாலே மகசூலை இழக்கத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு விளைச்சல் போகும். கடல்நீரின் மின்கடத்தும் திறன் 50-ஐ ஒட்டியது. களிமண் வயலில் சோடியம் ஏறிவிட்டால் மண் இறுகி, நீர் கீழிறங்காமல் நிற்கும். பிறகு ஜிப்சம் இட்டு, நன்னீர் தேக்கி, வடித்து, மீண்டும் தேக்கி, பல போகங்கள் பாடுபட வேண்டும். களர் நிலத்தோடு மல்லுக்கட்டிய உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பர்ட்டன் ஊரில் நடந்தது

கான்சஸ் கோதுமை விளையும் சமவெளி. அங்கே விச்சிட்டா நகரத்துக்கு வடமேற்கே, பழங்காலக் குதிரைகளின் எலும்புகள் கிடைத்ததால் ‘ஈக்வஸ் படுகை’ என்று பெயர் பெற்ற மணலும் சரளையும் கலந்த நிலத்தடி நீர்ப்படுகை ஒன்று உள்ளது. உழவர்களின் பாசனத்துக்கும் நகரத்தின் குடிநீருக்கும் அது ஆதாரம். 1930-களில் அதன் ஓரத்தில் பர்ட்டன் என்ற ஊரருகே எண்ணெய் எடுத்தார்கள். கூடவந்த உப்புநீரைத் திறந்த குழிகளில் விட்டார்கள். வெயிலில் ஆவியாகிவிடும் என்பது கணக்கு. மணற்பாங்கான பூமியில் அது ஆவியாவதற்கு முன் கீழே இறங்கிவிட்டது. நீர் இறங்கினால் உப்பும் இறங்கும்.

குழிகள் மூடப்பட்டு நெடுங்காலம் ஆயிற்று. இறங்கிய உப்பு இன்னும் போகவில்லை. நிலத்தடி நீரோடு ஆண்டுக்குச் சிறிது தூரமாக அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் போக்கைக் கண்காணிப்புக் கிணறுகள் வைத்து அளந்து வருகிறார்கள். குழி வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் தீராத வேலை அது.

இதனால்தான் பிற்காலத்தில் உப்புநீரை மேலே விடாமல், தனிக் கிணறு வழியாக ஆழத்துக்கே திருப்பி அழுத்தும் முறை வந்தது. அது மேலான முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவு மீறினால் அதற்கும் விலை உண்டு. ஓக்லஹோமாவிலும் தெற்குக் கான்சஸிலும் ‘ஆர்பக்கிள்’ என்ற ஆழ்பாறை அடுக்கில் மிகப்பெரும் அளவில் கழிவுநீரை அழுத்தியதன் விளைவாக நிலநடுக்கங்கள் பெருகின. 2015-ல் மட்டும் ஓக்லஹோமாவில் ரிக்டர் 3-க்கு மேற்பட்ட அதிர்வுகள் 900-க்கும் அதிகம். 2016 செப்டம்பரில் பானி என்ற ஊரருகே 5.8 அளவுக்கு பூமி குலுங்கியது. அழுத்தும் நீரின் அளவைக் குறைக்க அரசு அமைப்புகள் உத்தரவிட்ட பிறகே அதிர்வுகள் குறைந்தன.

ஆக, மேலே விட்டாலும் கெடுதல், கீழே மிகுதியாக அழுத்தினாலும் கெடுதல். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அந்த நீரை மேலே வரவிடாமலே செய்வது.

நுங்குப் பதத்தில் ஓர் அடைப்பு

வரப்பில் நண்டு வளை விழுந்தால் வயல் நீரெல்லாம் அதன் வழியே ஓடிவிடும். கோடையில் வெடித்த நஞ்சை நிலத்தில் நீர் பாய்ச்சினால், வெடிப்புகளைத்தான் முதலில் நாடும். கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேராது. எண்ணெய்ப் பாறையிலும் இதே கதைதான். பாறையில் உள்ள வெடிப்புகளும் சரளை அடுக்குகளும் நீருக்கு ராஜபாட்டையாகிவிடுகின்றன. எண்ணெயோ பக்கத்து நுண்துளைகளில் நகராமல் கிடக்கிறது. வெடிப்பை மட்டும் அடைத்தால் நீர் குறையும். நின்ற எண்ணெய் நகரவும் வழி பிறக்கும்.

சிமெண்டை விட்டு அடைக்கலாமே என்று கேட்கலாம். சிமெண்ட் துகள் நுண்ணிய இடுக்குகளுக்குள் நெடுந்தூரம் செல்லாது. வாசலிலேயே நின்றுவிடும். அதற்குத்தான் பாலிமர் ஜெல். பாலிஅக்ரிலமைடு என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருளை நீரில் கரைத்தால் வடிகஞ்சிபோல் ஆகும். அதோடு குரோமியம் அசிடேட் சிறிதளவு சேர்த்துக் கிணற்றுக்குள் செலுத்துவார்கள். கஞ்சிப் பதத்தில் உள்ளவரை அது வெடிப்புகளுக்குள் ஓடும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து நுங்குப் பதத்தில் உறைந்துவிடும். ஆய்வுகளில் பெரிதும் எடுத்தாளப்படும் ஒரு கலவையில் பாலிமர் 0.5 சதவீதம், குரோமியம் அசிடேட் ஏறக்குறைய 0.04 சதவீதம்; மற்றதெல்லாம் தண்ணீர். தண்ணீரைத் தடுக்கத் தண்ணீரையே கட்டிவைப்பது என்று இதைச் சொல்லலாம்.

குரோமியம் இங்கே செய்யும் வேலை வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தாருக்குத் தெரிந்ததுதான். தோலைப் பதனிடும்போது தோலின் புரத இழைகளில் உள்ள அமிலப் பகுதிகளைக் குரோமியம் பற்றி ஒன்றோடொன்று பிணைக்கிறது. தோல் கெட்டுப்போகாமல் நிலைக்கிறது. பாலிமர் சங்கிலிகளையும் அது அவ்வாறே பிணைக்கிறது. இரண்டிலும் பயன்படுவது மூன்றாம் நிலைக் குரோமியம். நச்சுத்தன்மை மிகுந்தது ஆறாம் நிலைக் குரோமியம். தொடக்க காலத்தில், 1970-களில், ஜெல்லுக்கும் ஆறாம் நிலையைத்தான் எடுத்துக் கிணற்றுக்குள் மூன்றாம் நிலையாக மாற்றினார்கள். 1980-களில் அமெரிக்காவின் மாரத்தான் ஆயில் நிறுவனத்தில் ராபர்ட் சிடான்ஸ்க் முதலியோர் மூன்றாம் நிலைக் குரோமியத்தையே நேரடியாகப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார்கள். வயோமிங் மாநிலத்தின் பிக் ஹார்ன் படுகையில் அது கிணறுகளில் இடப்பட்டது. இந்த மாற்றம் நடந்திராவிட்டால் இம்முறையை எந்த விளைநிலத்துக்கும் பரிந்துரைக்க வாய் வராது.

கான்சஸில் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் சிறு முதலாளிகளின் கிணறுகள் பலவற்றில் இந்த ஜெல் இடப்பட்டது. கலவையை முதலில் நீர்க்கவும் போகப்போகக் கெட்டியாகவும் விட்டு, அழுத்தமானி எப்படி ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே செலுத்துவார்கள். பிறகு கிணற்றை ஒரு வாரமோ அதற்கு மேலோ மூடிவைப்பார்கள். பலன் ஒரே மாதிரி இல்லை. பல கிணறுகளில் நீர் வெகுவாகக் குறைந்தது. எண்ணெய் சில மாதங்கள் கூடி வந்து, பிறகு பழைய அளவை நோக்கி இறங்கியது. செலவே திரும்பாத கிணறுகளும் உண்டு. எண்ணெய்க்காரரின் கணக்கில் இது ஏமாற்றம். நிலத்துக்காரரின் கணக்கு வேறு: குறைந்த நீர் குறைந்த நீர்தான்.

ஜெல் உறைந்தபின் எண்ணெயையும் தடுத்துவிடாதா என்றால், ஓரளவு தடுக்கத்தான் செய்யும். ஆனால் எண்ணெய் ஜெல்லைச் சற்றே நெருக்கி, அதிலுள்ள நீரைப் பிழிந்து, தனக்கு ஒரு மெல்லிய வழி செய்துகொள்கிறது. அவ்வழியில் நீர் வர முயன்றால் அத்தனை எளிதாக வர முடிவதில்லை. எண்ணெய்க்குப் படும் தடை குறைவு, நீருக்குப் படும் தடை அதிகம் என்பதுதான் இம்முறையின் உயிர்நாடி.

சீனாவில் வேறொரு வகையும் வழக்கில் உள்ளது. உறைந்த ஜெல்லைக் காயவைத்து, நொறுக்கி, சலித்துக் குருணையாக்கி, நீரில் ஊறவைத்துச் செலுத்துகிறார்கள். இந்தக் குருணை, வறட்சிக் காலத்தில் வேர்ப்பகுதியில் இடும்படி உரக்கடைகளில் விற்கும் ஹைட்ரோஜெல்லின் பங்காளி. (அந்த ஹைட்ரோஜெல்லை வாங்க நினைப்போர் ஒரு சிட்டிகையைத் தங்கள் கிணற்று நீரிலும், இன்னொரு சிட்டிகையை மழைநீரிலும் போட்டுப் பார்க்கட்டும். உப்புநீரில் அது ஊதுவதே குறைவு. பொட்டலத்தில் போட்டிருக்கும் ‘400 மடங்கு’ எல்லாம் வடிநீரில் அளந்த கணக்கு.)

எல்லா நோய்க்கும் இது மருந்தன்று

பயிர் மஞ்சளித்தால் உடனே யூரியாவைத் தூக்குவது போல, நீர் வந்தால் உடனே ஜெல் என்று போவது தவறு. மஞ்சளுக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறையா, வேரழுகலா, தழைச்சத்துக் குறையா என்று பார்க்கத்தான் வேண்டும். நியூ மெக்சிகோவின் ராண்டி செரைட், சிடான்ஸ்க் உள்ளிட்டோர் 2003-ல் வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் அழுத்தமாகச் சொன்னார்கள். குழாயில் பெரிய ஓட்டை விழுந்து நீர் வந்தால் அதற்குச் சிமெண்ட்தான். ஊசித்துளை போன்ற கசிவுக்கும், பாறை வெடிப்பு வழியாகக் கீழ்நீர் ஏறுவதற்கும் ஜெல் பொருத்தம். வெடிப்பே இல்லாத பாறையில், அடிநீர் கூம்புபோல் எழும்பி வந்தால் ஜெல் இடவே கூடாது.

அந்தக் கடைசி வகை நாகை, வேதாரண்யம் கடற்கரை மணலில் தோட்டம் போடுவோருக்கு நன்றாகத் தெரியும். அங்கே மழைநீர் மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஆழமில்லாத குட்டையிலிருந்து அளவோடு முகந்தால் நல்ல நீர். பெரிய மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் அடியிலுள்ள உப்புநீர் எழும்பி வந்துவிடும். அதற்கு எந்த மருந்தும் இல்லை; மோட்டாரை நிறுத்துவதுதான் மருந்து. எண்ணெய்க் கிணற்றிலும் இறைப்பைக் குறைப்பதுதான் முதல் வழி. கிணற்றில் நடப்பது எது என்பதை எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள விகிதம் நாள்தோறும் எப்படி ஏறுகிறது என்று கோடு போட்டுப் பார்த்தே ஓரளவு அறியலாம் என்று 1995-லேயே சான் என்ற பொறியாளர் காட்டினார். கோடு மட்டும் போதாது, கிணற்றுக்குள் கருவி இறக்கியும் பார்க்க வேண்டும் என்று பிற்பாடு வந்தவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒழுங்கான பதிவேடு வேண்டும். பதிவேடு இல்லாத கிணற்றுக்கு ஜெல் இடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பதுதான்.

சூடு இன்னொரு தடை. பூமிக்குள் பொதுவாக 100 மீட்டருக்கு 3 டிகிரி வீதம் வெப்பம் ஏறுகிறது. 3,000 மீட்டர் ஆழக் கிணற்றில் அது 120 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டில் சாதாரணக் குரோமியக் கலவை போய்ச் சேருமுன்பே உறைந்துவிடும். 75, 80 டிகிரிக்கு மேல் பாலிஅக்ரிலமைடு மெல்ல மாறுதலடைந்து, கால்சியம் மிகுந்த நீரில் திரிந்துபோகும். அப்படிப்பட்ட கிணறுகளுக்குச் சூடு தாங்கும் பாலிமரும் வேறு பிணைப்பானும் வேண்டும். அவற்றின் விலையும் கூடுதல். எனவே வயோமிங்கில் பலித்தது அப்படியே கும்பகோணத்துக்குத் தெற்கே பலிக்கும் என்று எவரும் உறுதி கூறக் கூடாது.

டெல்டா உழவர் கேட்க வேண்டியது

2020-ல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்கிறது. சட்டத்துக்கு முன்பே இயங்கிவந்த கிணறுகளை அது தொடவில்லை. இதன் பொருளை ஆழ்ந்து பார்க்க வேண்டும். புதுக் கிணறு இல்லை என்றால், மிஞ்சுபவை பழைய கிணறுகள். பழைய கிணறு ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் நீர் தரும். வரும் ஆண்டுகளில் டெல்டாவின் எண்ணெய்ச் சிக்கல் என்பது பெரும்பாலும் உப்புநீர்ச் சிக்கலாகவே இருக்கும். இதைச் சட்டம் கொண்டுவரப் போராடியவர்களும் அதிகம் பேசவில்லை, கிணறு நடத்துவோரும் பேசவில்லை.

ஜெல் என்ற சொல்லைக் கேட்டதும் ‘இன்னொரு ரசாயனமா?’ என்று எதிர்ப்பவர்கள் உண்டு. ராணிப்பேட்டைக் குரோமேட் கழிவையும் பாலாற்றையும் பார்த்த மாநிலத்தில் அந்த அச்சம் வீண் அச்சமன்று. கலவையை மேலே கலக்கும் இடத்தில் சிந்தினால், வாய்க்காலில் கழுவிவிட்டால், அது குற்றமே. மூன்றாம் நிலையானாலும் குரோமியம் குரோமியம்தான். ஆயினும் இருபுறமும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு முறை ஆழத்துக்குள் போகும் சில நூறு கிலோ குரோமிய உப்பு ஒரு தட்டில். நாள்தோறும் டன் கணக்கில் வயலருகே மேலேறி, குழாயிலும் லாரியிலும் பயணப்படும் உப்பு மறு தட்டில். இரண்டாவதுதான் கனமானது.

இதைவிட வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. ஜெல் இட்டால் கிணற்றின் ஆயுள் நீளும். தானாக ஓய வேண்டிய கிணற்றுக்கு ஏன் உயிர் கொடுக்க வேண்டும் என்பது அது. நியாயமான கேள்வி. நூற்றுக்கு 98 பங்கு நீர் தரும் கிணற்றை, ஜெல்லைக் காட்டி இன்னும் பத்தாண்டு ஓட்ட அனுமதி கேட்டால் மறுப்பதே முறை. அப்படிப்பட்ட கிணற்றைச் சிமெண்ட் இட்டு அடியிலிருந்து நுனிவரை ஒழுங்காக மூடிவிடச் சொல்ல வேண்டும். நடுத்தர வயதில் உள்ள, வெடிப்பு வழியாகத்தான் நீர் வருகிறது என்று கருவி வைத்துக் கண்டறிந்த கிணறுகளுக்கு மட்டும் ஜெல் தகும். எது எந்த வகை என்று ஊருக்குத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு கிணற்றுக்கும் மாதம் எத்தனை கனமீட்டர் நீர் வந்தது, அது எங்கே போயிற்று என்ற கணக்கு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். எண்ணெய்க் கணக்கு கேட்டால் வணிக ரகசியம் என்பார்கள். நீர்க் கணக்கில் என்ன ரகசியம்? கிராம சபையில் முதல் தீர்மானமாக இதைக் கேட்கலாம். ஜெல் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.

உழவர்கள் தம் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்று உள்ளது. கடலோர டெல்டாவில் உப்பு ஏறுவதற்குக் கடல்நீர் உட்புகுதலும் காரணம், மேட்டூர் நீர் வராத ஆண்டுகளும் காரணம். நாளை ஒரு கசிவு ஏற்பட்டால், ‘இது முன்பே உப்பு நிலம்தான்’ என்ற பதில் வரும். அன்றைக்குப் பழைய அளவு கையில் இல்லாதவரின் புகார் நிற்காது. எண்ணெய்க் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் ஆழ்குழாய் வைத்திருப்போர், கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒரு முறையும் பாசன நீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, மின்கடத்தும் திறனையும் குளோரைடு அளவையும் எழுதி வாங்கிப் பட்டாவோடு சேர்த்து வைக்க வேண்டும். மாதிரி எடுக்குமுன் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் இரண்டு மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி, சர்வே எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டி, அன்றோ மறுநாளோ சேர்த்துவிட வேண்டும்.